ஊசியைப் பிடித்த கை

பச்சை குத்துவது என்கிறோம். உண்மையில் குத்தப்படுவது கரி. விளக்குக் கரியின் கறுப்பு தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளடுக்கில் போய்த் தங்குகிறது. மேலே மூடியிருக்கும் தோல் ஒளியைச் சிதறடிப்பதால் அந்தக் கறுப்பு நம் கண்ணுக்கு நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. நம் மொழி, கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டது. உள்ளே போனது என்ன, அதை யார் அரைத்தார்கள், யார் குத்தினார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயரில் இல்லை. நான் எழுத நினைப்பது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். பச்சை குத்துவதைப் பற்றி மாணவிகள் கட்டுரை எழுதினால் முதல் பத்தியிலேயே தொய்யில் வந்துவிடுகிறது. சங்க காலப் பெண்கள் பச்சை குத்திக்கொண்டார்கள், கலித்தொகையில் சான்று இருக்கிறது என்று எழுதுகிறார்கள். தொய்யில் என்பது சந்தனக் குழம்பு போன்றவற்றால் பெண்ணின் தோளிலும் மார்பிலும் கொடிகளாக எழுதப்படுவது. குளித்தால் போய்விடும். பல பாடல்களில் அதை எழுதுகிறவன் தலைவன். பெண்ணுடல் அங்கே ஆணின் கை எழுதிப் பார்க்கும் பரப்பு. பச்சையோ அழியாதது. எழுதுகிறவளும் பெண், எழுதிக்கொள்கிறவளும் பெண். இரண்டையும் ஒன்றாக்கிப் 'பழந்தமிழர் பெருமை'யில் சேர்த்துவிட்டால், பச்சை குத்திய பெண்கள் மறுபடியும் காணாமல் போவார்கள். சங்கப் பாடல்களில் பிரிவுத் துயரில் தோள் மெலியும், வளை கழன்று விழும். பெண்ணின் கை அங்கே ஏங்குவதற்கு இருக்கிறது. வலியைத் தாங்கிக்கொண்டு தனக்குப் பிடித்த ஒன்றைப் பதித்துக்கொள்ளும் கையை நான் அந்தப் பாடல்களில் பார்க்கவில்லை. அந்தக் கையை என் அப்பத்தாவிடம்தான் பார்த்தேன்.

அப்பத்தா சிவகங்கைப் பக்கம். வலது முன்கையில் புள்ளிக்கோலம், அதற்குக் கீழே ஒரு தேள். இடது கையில் தாத்தாவின் பெயர். ரேஷன் அட்டைக்குப் பெயர் எழுத வந்தவர்கள் கணவர் பெயரைக் கேட்டால் அப்பத்தா வாயைத் திறக்க மாட்டார், கையை நீட்டுவார். கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற கட்டளைக்கும், பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற அரசாங்கத்துக்கும் நடுவில் அந்தக் கை இருந்தது. தாத்தா இறந்த பிறகு பொட்டு, பூ, வளையல், தாலி எல்லாவற்றையும் எடுத்தார்கள். பச்சையை எடுக்க முடியவில்லை. போகும்போது கூட வருவது இது ஒன்றுதான் என்று அப்பத்தா சொல்வார். சாவைப் பற்றிய பேச்சு என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டேன். விதவைக்குக் கழற்ற முடியாத நகை இது ஒன்றுதான் என்ற பொருளும் அதில் இருந்திருக்கலாம்.

அதைக் குத்தியவள் ஊர் ஊராக வந்த ஒரு குறத்தி. பெயர் அப்பத்தாவுக்கு நினைவில்லை.

பெயரில்லாத அந்தப் பெண்ணின் தொழில் எப்படி நடந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் விரிவான பழைய பதிவுகளில் ஒன்றை எழுதியவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. குறவர் பற்றிய பகுதியில் கரி செய்யும் முறை இருக்கிறது. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைக்க வேண்டும். அதை மெல்லிய துணியில் பரப்பித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் ஊற்றிய விளக்கில் ஏற்ற வேண்டும். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்தால் உட்புறத்தில் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். தையல் ஊசிகள்தான் கருவி. ஒற்றை ஊசியிலிருந்து பல ஊசிகளைச் சேர்த்துக் கட்டியது வரைக்கும் உண்டு. முதலில் மையைத் தொட்டுக் குச்சியால் வரைந்துகொள்வது, பிறகு தோலை விரல்களால் இழுத்துப் பிடித்துக் குத்துவது, குளிர்ந்த நீரில் கழுவுவது, வீக்கமும் எரிச்சலும் அடங்க எண்ணெயும் மஞ்சளும் தடவுவது. வலி தெரியாமலிருக்கப் பாட்டு. ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா, பெரிய வேலைக்குப் பன்னிரண்டு அணா வரை கூலி. உள்ளூர்களில் காசுக்குப் பதில் பொருளும் சோறும்.

இதை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது தாய்ப்பாலில் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் அங்கேதான் நிற்பேன். யாருடைய பால்? குத்துகிறவளுடையதா, அந்தத் தெருவில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியிடம் கேட்டு வாங்கியதா? எதுவானாலும், தீண்டலுக்கு இத்தனை கணக்கு வைத்திருந்த ஒரு சமூகத்தில், ஒரு பெண்ணின் பாலில் குழைத்த கரி, ஊருக்குள் வீடில்லாத இன்னொரு பெண்ணின் கையால், மூன்றாவது பெண்ணின் தோலுக்குள் போயிருக்கிறது. தண்ணீர்ச் செம்பைத் தனியாக வைத்த வீட்டிலும் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கையைப் பிடித்துக்கொள்ள அவளை விட்டிருக்கிறார்கள். சாதி அங்கே இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. சோறு அவளுக்கு எங்கே வைத்துப் போடப்பட்டது என்று ஊகிப்பது கடினமில்லை. ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் தோலுக்குத் தெரிந்தது வேறொன்று.

தர்ஸ்டனின் அதே பகுதியில் குறவர்கள் எப்படிக் கன்னம் வைப்பார்கள், திருடியதை எங்கே ஒளிப்பார்கள் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. மையின் செய்முறையும் குற்றத்தின் செய்முறையும் ஒரே தலைப்பின் கீழ். மண்டையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தியவர் அவர். 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப் பழங்குடிச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கம் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்துக் குண்டடிபட்டு இறந்த பிறமலைக் கள்ளர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. குறவர்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பதிவு, ஆஜர், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு. பச்சை குத்துகிறவளின் தொழிலோ நடப்பதில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் குத்திக்கொள்ள எத்தனை கைகள் இருக்கும்? அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். நாடோடியாக இருப்பதே குற்றம் என்றான சட்டம் ஆண்களின் மீது போட்ட வழக்குகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அது பெண்களின் ஒரு கைத்தொழிலை என்ன செய்தது என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை. நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்க 1952 ஆகிவிட்டது. அதற்குள் பள்ளிக்கூடம் போன பெண்கள் பச்சையைப் பட்டிக்காட்டு அடையாளம் என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். என் அத்தைகள் யாரும் குத்திக்கொள்ளவில்லை.

(குறவர், நரிக்குறவர் இருவரையும் ஒருவராக எழுதும் பழக்கம் நம் சினிமாவிலிருந்து ஆய்வேடுகள் வரை இருக்கிறது. மொழி வேறு, வரலாறு வேறு. குறவஞ்சி இலக்கியத்தில் குறி சொல்ல வரும் சிங்கிக்குப் பாசிமணி ஊசிமணியை மாட்டி மேடையேற்றும் கல்லூரி விழாக்களில் நான் பலமுறை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.)

உடலில் குறி இடுவது பெண்களுக்கு எப்போதும் விருப்பமாக இருந்ததில்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் காளத்திக் கல்வெட்டு ஒன்று, கோயிலுக்குரிய தேவரடியார் சிலருக்குத் தவறாக அரண்மனை இலச்சினை இடப்பட்டதையும், அதை அழித்துச் சூலக்குறி இடும்படி ஆனதையும் சொல்கிறது. பிழை திருத்தப்பட்டதாகக் கல்வெட்டு நிறைவடைகிறது. ஒரு குறியை அழித்து இன்னொன்றைப் பதிக்க அந்தப் பெண்களின் தோல் என்ன பாடுபட்டிருக்கும் என்பது கல்வெட்டில் வராது. ஆங்கிலேயர் ஆட்சியில் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கோத்னா என்ற தண்டனை 1797-இல் வங்காளத்தில் சட்டமாகி, 1849-இல்தான் கைவிடப்பட்டது. பிரிவினையின்போது கடத்தப்பட்ட பெண்களின் உடலில் எதிர்த் தரப்பின் முழக்கங்களைக் குத்தி அனுப்பியதை உர்வசி புட்டாலியாவும், ரிது மேனனும் கமலா பாசினும் 1998-இல் வெளிவந்த தங்கள் நூல்களில் பதிவு செய்தார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் சொல்வதற்கு முன் 1993-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் அமிர்தசரஸில் காவல்துறையினர் நான்கு பெண்களைப் பிடித்து வைத்து, நெற்றியில் 'ஜேப்கத்ரி' என்று பச்சை குத்தினார்கள். பிக்பாக்கெட் அடிப்பவள் என்று பொருள். அவர்கள் சான்சி சமூகத்துப் பெண்கள். குற்றப் பழங்குடிச் சட்டத்தின் பட்டியலில் இருந்த சமூகம் அது. நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது துப்பட்டாவால் நெற்றியை மறைத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது, குற்றம் செய்த காவலர்களுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது 2016-இல். இருபத்து மூன்று ஆண்டுகள். அதே 2016 பிப்ரவரியில் சென்னையில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் 68-ஆம் பிறந்தநாளை ஒட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அவர் முகத்தைக் கையில் குத்திக்கொண்ட காட்சிகள் வெளிவந்தன. சிலர் வலியில் அழுதார்கள். அது விருப்பமா, கட்டாயமா? இரண்டுக்கும் நடுவில் நம் பெண்கள் வாழும் பெரும் பரப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு ஒற்றைச் சொல் என்னிடம் இல்லை.

இவ்வளவையும் படித்த பிறகு நாற்பத்தாறு வயதில் நான் என் கையை நீட்டினேன். ஏன் என்று துறையில் கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. மாணவிகள் ஏன் என்று கேட்கவில்லை. என்ன, எங்கே, எவ்வளவு, வலிக்குமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது.

எழுத்து வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். தமிழ் படித்தவள் என்பதால் எல்லோரும் வரி ஒன்றை எதிர்பார்த்தார்கள். ஆனால் நம் எழுத்துகள் சுழிகளால் ஆனவை. ண, ஞ, இ இவற்றைச் சின்னதாகக் குத்தினால் சில ஆண்டுகளில் கோடு தடித்து, உள்ளே இருக்கும் வெளி அடைந்துபோகும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிட மோசம் கணினி. தமிழுக்கு ஒத்துவராத வரைகலை மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். தமிழ் தெரியாத கலைஞர் அதை அப்படியே குத்திவிடுவார். என் மாணவி ஒருத்தி வல்லெழுத்து மிகாத ஒரு தொடரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாக இலக்கண வகுப்பில் எனக்கெதிரே உட்கார்ந்திருந்தாள். எழுத்துதான் வேண்டுமென்றால் அச்சிட்ட தாளை எடுத்துப் போங்கள், இரண்டு பேரைப் படிக்கச் சொல்லுங்கள், எழுத்துகளைப் பெரிதாக வையுங்கள்.

நான் எடுத்தது அப்பத்தாவின் கோலம். தேளை விட்டுவிட்டேன், பயமில்லை, இடமில்லை. கோலத்துக்கும் தென்னிந்தியப் பச்சைக்கும் உள்ள உறவை ஜான் லேயர்ட் 1937-இலேயே எழுதியிருக்கிறார். வழி தெரியாமல் சுற்றும் கோடுகளைச் சாவுக்குப் பின் செல்லும் பாதையோடு அவர் இணைத்துப் பார்த்தார். அந்த அளவுக்கு நான் போகவில்லை. தினமும் காலையில் அழியப்போவதென்று தெரிந்தே போடும் ஒன்றை, ஒரே ஒருமுறை அழியாமல் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இடம் முன்கையின் உட்புறம். கையைத் திருப்பும்போது முன்கைத் தோலும் முறுக்கிக்கொள்ளும். மேசையில் நீட்டி வைத்து மாதிரியை ஒட்டினால், கையைத் தொங்கவிட்டதும் கோலம் சாய்ந்துவிடும். அதனால் நின்றுகொண்டு, கையை இயல்பாகத் தொங்கவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடியும் ஒட்டச் சொல்லத் தயங்காதீர்கள். இராணுவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முன்பே விதியைப் பாருங்கள். எந்த இடத்தில் அனுமதி என்பதற்கு அங்கே கணக்கு உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் தோல்காரர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். மை உங்களுக்கென்று புதிய சிறு குப்பியில் ஊற்றப்பட வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமிகள், பி-யும் சி-யும், ஊசி வழியாகப் போகும் என்பதால்தான் பச்சை குத்தியவர்களிடம் பல மாதங்களுக்கு இரத்த தானம் வாங்குவதில்லை. நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளில் மூன்றில் ஊசி ஆண்கள் கையில் இருந்தது. நான்காவதில் இருந்த இளம்பெண்ணிடம் போனேன். சாமுவேல் ஓ'ரெய்லி 1891-இல் எடிசனின் மின்பேனாவை அடியொற்றிக் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வாரிசு அவள் கையில் ஈயாக ரீங்கரித்தது. பாட்டு இல்லை. இரண்டரை மணி நேரம்.

கவனிப்புக்கு ஒரு தாள் கொடுத்தாள். மென்மையான சோப்பால் கழுவி ஒற்றி எடு, களிம்பை மெல்லியதாகத் தடவு, பக்கு உதிரும்போது பிய்க்காதே, சொறியாதே. இரண்டு மூன்று வாரம் வெயில் படாதே, ஆறு குளம் கடல் நீச்சல்குளம் வேண்டாம், நீண்ட நேரம் ஈரத்தில் வைக்காதே. நல்ல அறிவுரைதான். ஆனால் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பார்த்தால், வீட்டில் பாத்திரம் கழுவாத ஒருவரை. நம் பெண்கள் முன்கையை வைத்துக்கொண்டு ஒரு நாளில் எத்தனை முறை சோப்பு நுரையில் முக்குகிறார்கள், மிளகாய்த் தூளைக் கலக்குகிறார்கள், கொதிக்கும் சட்டியின் ஆவியில் நீட்டுகிறார்கள், புளி கரைக்கிறார்கள்! தாளைப் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். பதினைந்து நாளுக்குச் சமையலும் கழுவலும் யாருக்கு என்று பெயர் போட்டேன். கணவருக்கு வாரத்தில் நான்கு நாள், மகனுக்கு மூன்று. இந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாதவர்கள் விடுமுறை பார்த்துக் குத்திக்கொள்ளுங்கள். வளையலைக் கழற்றி வையுங்கள், இறுக்கமான சட்டைக்கை வேண்டாம். நான்காம் நாள் அரிப்பு தொடங்கும். அதுதான் உண்மையான சோதனை, ஊசி ஒன்றுமில்லை.

ஆறியதாக நாம் நினைக்கும் தோல் உள்ளே ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. மையை அயலான பொருள் என்று உடலின் விழுங்கணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை சாகும்போது மை வெளியே கொட்டுகிறது, புதிய அணுக்கள் வந்து அதை மறுபடியும் விழுங்கிக்கொள்கின்றன. பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் 2018-இல் கண்டது இது. நிலையாக இருப்பதாகத் தெரியும் கோலத்தை உடல் கைமாற்றிக் கைமாற்றிக் காத்துவருகிறது. அப்பத்தாவின் கையில் அது எழுபது ஆண்டு நடந்திருக்கிறது.

அடுத்த சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையோரம் மின்கலத்தில் ஓடும் சின்ன இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கையைக் காட்டினேன். அறுபது வயதிருக்கும். முன்னால் துணியில் தேள், மயில், இதயம், வேல் என்று மாதிரிப் படங்கள். அம்மா கையூசியில் குத்தியவர், இவர் இருபது வருடமாக மெசினில். என் கையைப் பிடித்துத் திருப்பினார், கட்டை விரலால் கோடுகளைத் தடவினார்.

"கோடு நேரா ஓடிருக்கு தாயி. புள்ளிதான் ரெண்டு எடத்துல ஆழம் பத்தல, கொஞ்ச நாள்ல வெளுத்துரும். எவ்வளவு வாங்குனாங்க?"

நாலாயிரம் என்றேன்.

அவர் பக்கத்துப் பாயில் பாசிமாலை விற்றவரைப் பார்த்து, "நாலாயிரமாம்த்தா" என்றார். பிறகு என்னிடம், "நானா இருந்தா நூத்தம்பதுக்குப் போட்டுருப்பேன், அதையும் பேரம் பேசியிருப்ப" என்றார். புதிய ஊசி ஒவ்வொரு ஆளுக்கும் மாற்றுகிறீர்களா அக்கா என்று கேட்டேன். மாற்றுவதாகச் சொல்லி உறைகள் கிடந்த டப்பாவைக் காட்டினார். நூற்றைம்பதில் ஊசிக்கும் கையுறைக்கும் போக என்ன மிஞ்சும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு சின்னப் பெண் கையை நீட்டிக்கொண்டு வந்து குந்தினாள். பெயர் என்ன போடணும், உன் பேரா அவன் பேரா என்று அவர் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.